பதினான்கு மாதத்தில் கிழிந்த புஷ்: ஒரு பழைய காரின் முன் சஸ்பென்ஷன் வேலை

வண்டி 17 வயதான ஹாட்ச்பேக், முன்சக்கர இழுவை. ஓடியது 1,62,000 கிலோமீட்டர். இடது முன் பக்கத்திலிருந்து ஒரு சத்தம் வர ஆரம்பித்தது. பெரிய வேகத்தடையில் மெதுவாக ஏறி இறங்கினால் வராது. சாலையில் ஒட்டுப் போட்ட இடம், சின்னப் பள்ளம், இவற்றில் 20 - 30 கி.மீ. வேகத்தில் போகும்போது 'லொட்' என்று வரும். பிரேக் பிடித்து வண்டி நிற்கப்போகும் கடைசி நொடியில் ஒரே ஒரு 'டக்'. கூடவே, பிரேக் பிடிக்கும்போது ஸ்டீயரிங் லேசாக இடப்பக்கம் இழுத்தது.

இதே சத்தம் 14 மாதத்துக்கு முன்பும் வந்தது. அப்போது ஒரு பட்டறையில் இரண்டு பக்கமும் லோயர் ஆர்மின் (சக்கரத்தைக் கீழே பிடிக்கும் இரும்புக் கையின்) முன் புஷ்களை, அதாவது முன்பக்க ரப்பர் மூட்டுகளை, மாற்றிக் கொடுத்தார்கள். சத்தம் அன்றே நின்றது. அதற்குப் பிறகு வண்டி ஓடியது 12,000 கி.மீ.தான். வண்டியோடு வந்த பழைய புஷ் ஏறத்தாழ 1,50,000 கி.மீ. தாங்கியிருக்கிறது. புதியது ஏன் அதில் பத்தில் ஒரு பங்குகூடத் தாங்கவில்லை? கேட்டவர்கள் எல்லாரும் சொன்ன பதில், 'மட்டமான பாகம் போட்டிருப்பார்கள்.' நானும் அதைத்தான் நம்பினேன். வேலையைப் பாதி முடிக்கும்வரை நம்பிக்கொண்டுதான் இருந்தேன்.

புஷ் என்ன செய்கிறது

இந்த வண்டியின் முன்பக்கம் மக்ஃபெர்சன் ஸ்ட்ரட் வகை. ஏர்ல் மக்ஃபெர்சன் என்ற பொறியாளர் வடிவமைத்த இந்த முறையை 1950 வாக்கில் ஃபோர்டு நிறுவனம் தன் கார்களில் கொண்டுவந்தது. இடத்தையும் பாகங்களையும் மிச்சப்படுத்துவதால் இன்று பெரும்பாலான சிறிய கார்களில் இதுதான் இருக்கிறது. ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் ஒரே தூணாக (இதுதான் ஸ்ட்ரட்) மேலே பாடியில் போய் நிற்கும். தூணின் அடியில் நக்கிள், அதில்தான் சக்கரம். நக்கிளின் அடிப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டிருப்பது லோயர் ஆர்ம் ஒன்று மட்டுமே. வளைவில் வரும் பக்கவாட்டு விசை, பிரேக் பிடிக்கும்போது சக்கரத்தைப் பின்னுக்குத் தள்ளும் விசை, இரண்டும் அந்த ஆர்ம் வழியாகத்தான் பாடிக்குப் போகின்றன. ஆர்மின் வெளி முனையில் பால் ஜாயிண்ட் என்ற உருண்டை மூட்டு, உள் முனையில் முன்னும் பின்னுமாக இரண்டு ரப்பர் புஷ்கள்.

புஷ் என்றதும் ரப்பருக்குள் ஒரு குழாய் வழுக்கிச் சுழல்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். இந்த வகையில் அப்படி எதுவும் சுழலாது. வெளியே ஒரு இரும்பு வளையம், உள்ளே ஒரு இரும்புக் குழாய், நடுவில் இரண்டோடும் ஒட்டி வார்த்த ரப்பர். போல்ட்டை முறுக்கியதும் உள்குழாய் பாடியின் பிராக்கெட்டோடு இறுகி அசையாமல் நின்றுவிடும். வெளி வளையம் ஆர்மோடு நகரும். சக்கரம் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் நடுவில் இருக்கும் ரப்பர் முறுக்கிக்கொண்டு, பிறகு தளர்கிறது. அந்த முறுக்கல் எந்த நிலையில் பூஜ்யமாக இருக்கும் என்பதைத் தீர்மானிப்பது, போல்ட்டை இறுக்கிய நேரத்தில் ஆர்ம் எந்தக் கோணத்தில் இருந்தது என்பதுதான்.

சத்தத்தைத் தேடியது

முதலில் ஸ்டெபிலைசர் லிங்க், அதாவது வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் ஸ்டெபிலைசர் கம்பியைச் சக்கரத்தின் பக்கத்தோடு இணைக்கும் சின்னத் தண்டு. சின்னப் பள்ளத்தில் சத்தம் என்றால் பத்தில் ஏழு பேர் அதைத்தான் மாற்றச் சொல்வார்கள். வாங்குவதற்கு முன் இரண்டு பக்க லிங்க்கையும் ஒரு முனையில் கழற்றி, எதிலும் படாதபடி கட்டிவிட்டு, ஆளில்லாத சாலையில் மெதுவாக ஓட்டிப் பார்த்தேன். வளைவில் வண்டி கூடுதலாகச் சாய்ந்தது, சத்தம் அப்படியே இருந்தது. லிங்க் இல்லை என்று முடிவானது. ஒரு பக்கத்தை மட்டும் கழற்றினாலும் ஸ்டெபிலைசர் கம்பி வேலை செய்யாது. ஆனால் மறுபக்க லிங்க் அதே கம்பியின் எடையில் ஆடிச் சத்தம் போடலாம். அதனால்தான் இரண்டையும் கழற்றினேன்.

அடுத்து வண்டியைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்திச் சக்கரத்தை ஆட்டினேன். கடிகாரத்தில் 3, 9 இருக்கும் இடங்களில் பிடித்து ஆட்டியபோது ஆட்டம் இல்லை. ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பியின் வெளி மூட்டும் உள் மூட்டும், அதாவது டை ராட் எண்டும் ரேக் எண்டும், சரி என்று அர்த்தம். 12, 6 இடங்களில் பிடித்தபோது இடப்பக்கம் சின்ன ஆட்டம் தெரிந்தது. இந்த இடத்தில் தம்பியை உள்ளே உட்கார்ந்து பிரேக்கை அழுத்தச் சொன்னேன். பிரேக் பிடித்தால் டிஸ்க்கும் நக்கிளும் ஒன்றாகிவிடும். அப்போது ஆட்டம் மறைந்தால் சக்கர பேரிங், மறையாவிட்டால் அதற்கும் உள்ளே ஏதோ ஒன்று. மறையவில்லை. பால் ஜாயிண்டின் மேல் விரலை வைத்துக்கொண்டு மறுபடி ஆட்டச் சொன்னேன். கண்ணுக்குத் தெரியாத ஆட்டம் விரலுக்குத் தெரிந்தது. மக்ஃபெர்சன் அமைப்பில் கீழ் பால் ஜாயிண்ட் வண்டியின் எடையைத் தாங்குவதில்லை. அதனால் சக்கரம் தொங்கும் நிலையில் இந்தச் சோதனை சரியாக வரும். ஸ்பிரிங் நேராகக் கீழ் ஆர்மின் மேல் உட்காரும் வண்டிகளில் அப்படி இல்லை. அங்கே ஆர்மின் அடியில் ஜாக்கி கொடுத்து, ஜாயிண்டின் மேல் இருக்கும் ஸ்பிரிங் சுமையை எடுத்துவிட்டுத்தான் ஆட்டிப் பார்க்க வேண்டும்.

ஆனால் பால் ஜாயிண்டில் இருந்த அவ்வளவு சின்ன ஆட்டம் பிரேக்கில் வரும் 'டக்' சத்தத்துக்குப் போதாது என்று தோன்றியது. வண்டியைக் கீழே இறக்கி, சக்கரத்தின் பக்கத்தில் தரையில் போனை ஒரு கட்டையில் சாய்த்து, லோயர் ஆர்மின் உள் முனை தெரியும்படி வீடியோவை ஓடவிட்டேன். தம்பி ஓரடி முன்னே எடுத்துப் பிரேக் பிடிப்பான், ஓரடி பின்னே எடுத்துப் பிரேக் பிடிப்பான். நான் வண்டியிலிருந்து தள்ளி நின்றேன். வீடியோவில் வலப்பக்க ஆர்ம் அசைந்தது தெரிந்தும் தெரியாமலும் இருந்தது. இடப்பக்க ஆர்மின் முன் முனை கிட்டத்தட்ட 5 மி.மீ. துள்ளியது. "அண்ணா, இது புஷ் மாத்தின பக்கம்தானே?" என்று தம்பி கேட்டான். ஆமாம், மாற்றி 14 மாதம் ஆன அதே புஷ்.

ஸ்ட்ரட்டையும் பார்த்தேன். இடப்பக்க ஷாக்கின் உடம்பில் எண்ணெய் வழிந்து, தூசி ஒட்டி, அடிவரை கறுப்பாக இருந்தது. மேல்பகுதியில் மட்டும் லேசான ஈரம் இருந்தால் நான் பொறுத்திருப்பேன், இது அப்படியில்லை. வண்டி நின்றிருக்கும்போது ஸ்டீயரிங்கைத் திருப்பச் சொல்லி ஸ்பிரிங்கின் மேல் கை வைத்தேன். ஸ்பிரிங் சீராகத் திரும்பாமல் இறுகி நின்று, பிறகு 'டங்' என்று குதித்தது. மேலே இருக்கும் ஸ்ட்ரட் பேரிங் சிக்குகிறது. சத்தத்துக்குக் காரணம் இது இல்லை, ஆனால் ஸ்டீயரிங் தானாக நேருக்குத் திரும்பாமல் சோம்பலாக இருந்ததற்கு இதுதான் காரணம்.

எனவே இரண்டு பக்கமும் முழு லோயர் ஆர்ம், ஸ்ட்ரட், மேல் மவுண்ட், பேரிங், பம்ப் ஸ்டாப், தூசி உறை, லிங்க், கூடவே புதிய போல்ட் நட் எல்லாம் வாங்கினேன். புஷ்ஷை மட்டும் வாங்கி ஆர்மில் அழுத்திப் பொருத்த பிரஸ் வேண்டும். அடித்து ஏற்றினால் வளையம் கோணிவிடும். இந்த வண்டியில் பால் ஜாயிண்டும் ஆர்மோடு சேர்ந்தே வருகிறது. இவ்வளவு வயதான ஆர்முக்குப் புஷ் மட்டும் போடுவது வீண் வேலை என்பது என் கருத்து.

கழற்றும்போது தெரிந்தது

ஜாக்கியைத் தொடுவதற்கு முன் செய்த முக்கியமான வேலை அளவெடுத்தது. வண்டி சமதரையில் தன் எடையில் நிற்கும்போது சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மேலே ஃபெண்டர் (சக்கரத்துக்கு மேல் வளைந்த தகடு) விளிம்புவரை இடப்பக்கம் 371 மி.மீ., வலப்பக்கம் 374 மி.மீ. இரண்டையும் டேப்பில் எழுதிக் கண்ணாடியில் ஒட்டினேன். துரு இளக்கும் எண்ணெயை முந்தைய இரண்டு மாலைகளிலும் எல்லா நட்டுகளுக்கும் அடித்து வைத்திருந்தேன்.

பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை. முன்பக்கம் பாடியின் பலமான இடத்தில் இரண்டு ஸ்டாண்டுகள். நிறுத்தியபின் வண்டியைப் பலமாக உலுக்கிப் பார்த்தேன். ஆடக்கூடியது என்றால் நான் வெளியே நிற்கும்போதே ஆடிவிடட்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் கைகூட விடுவதில்லை.

வலப்பக்கம் முதலில். பால் ஜாயிண்டின் தண்டு நக்கிளில் ஒரு பிளவுக்குள் நிற்கும், குறுக்கே ஒரு போல்ட் அதை இறுக்கிப் பிடிக்கும். தண்டில் அந்தப் போல்ட்டுக்காக ஒரு காடி வெட்டியிருப்பதால் போல்ட்டைத் தளர்த்தினால் போதாது, முழுதாக உருவ வேண்டும். அது துருவில் நக்கிளோடு ஒட்டிக்கிடந்தது. நட்டை முனைக்குச் சமமாக வைத்து, மரை கெடாமல் அதன்மேல் தட்டித் தட்டி வெளியே எடுக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. பிளவில் ஒரு உளியைச் செருகி லேசாக விரித்ததும் தண்டு இறங்கியது. பிரேக் காலிப்பரை ஸ்பிரிங்கில் கம்பியால் கட்டித் தொங்கவிட்டேன், பிரேக் ஹோஸில் அதன் எடை விழக் கூடாது. நக்கிளை வெளியே சாய்க்கும்போது சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்டின் உள் ஜாயிண்ட் இழுபட்டுப் பிரிந்துவிடாமல் பார்த்துக்கொண்டேன்.

இப்போது வலப்பக்க ஆர்மின் வெளி முனை சுதந்திரமாக இருந்தது. உள்பக்கப் போல்ட்டுகளை நான் இன்னும் தொடவில்லை. லிங்க்கும் கழன்றிருந்தது. ஆர்மைப் பிடிப்பது இரண்டு புஷ்களின் ரப்பர் மட்டுமே. கைவைத்து அதை மேலே தூக்கினேன், சாதாரணமாக வண்டி தரையில் நிற்கும்போது இருக்கும் கோணத்துக்கு. நன்றாக அழுத்தம் கொடுத்துத் தூக்க வேண்டியிருந்தது. விட்டதும் சட்டென்று கீழே திரும்பி, சக்கரம் தொங்கும்போது இருந்த அதே கோணத்தில் போய் நின்றது. மறுபடி தூக்கினேன், மறுபடி அங்கேயே போனது. ஆர்மின் எடை மட்டும் இருந்தால் அப்படி ஒரு வேகம் வராது. கீழே இன்னும் கொஞ்சம் அழுத்தினால் மேலே திரும்பி அதே இடத்துக்கே வந்தது.

ரப்பரின் ஓய்வு நிலை அங்கே இருந்தது, சக்கரம் தொங்கும் கோணத்தில். சரியாக இறுக்கியிருந்தால் பால் ஜாயிண்டைக் கழற்றியதுமே ஆர்ம் தானாக மேலே ஏறி, வண்டி தரையில் நிற்கும் கோணத்தில் நின்றிருக்க வேண்டும். வண்டியை லிஃப்டில் தூக்கி, சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போதே போல்ட்டை முழுதாக முறுக்கியிருக்கிறார்கள்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். புஷ்ஷின் நடுவிலிருந்து பால் ஜாயிண்டுவரை ஆர்மின் நீளம் 350 மி.மீ. வண்டி நிற்கும் உயரத்திலிருந்து சக்கரம் தொங்கும் உயரம் சுமார் 100 மி.மீ. கீழே. கோணத்தில் சொன்னால் 16 முதல் 17 டிகிரி. சாதாரணச் சாலையில் சக்கரம் ஏறி இறங்குவது 30 - 40 மி.மீ. என்று வைத்தால், புஷ் இரு பக்கமும் 5 - 6 டிகிரி முறுக்கினால் போதும். என் வண்டியிலோ ரப்பர் நின்றிருக்கும்போதே 16 டிகிரி முறுக்கிக்கிடந்தது. மேட்டில் சக்கரம் மேலேறினால் 22 வரை போயிருக்கிறது. இரவில் வண்டி வெளியே சும்மா நிற்கும்போதும் அந்த ரப்பருக்கு ஓய்வு இல்லை. 14 மாதம் தாங்கியதுதான் ஆச்சரியம். பாகத்தின் மேல் நான் சுமத்திய பழியை அங்கேயே எடுத்துக்கொண்டேன்.

இடப்பக்கம் கழற்றியபோது புஷ்ஷின் ரப்பர் உள்குழாயைச் சுற்றி வட்டமாகக் கிழிந்து, குழாய் தனியாக ஆடியது. வலப்பக்கம் கிழியவில்லை. ஆனால் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தால் அதே வட்டத்தில் மெல்லிய வெடிப்புகள் தெரிந்தன. இன்னும் சில மாதம்தான் ஓடியிருக்கும்.

வீட்டில் செய்யாத ஒரு பகுதி

ஸ்ட்ரட்டைக் கழற்றி வெளியே எடுத்தது நான்தான். ஸ்பிரிங்கை அமுக்கிப் பழைய ஷாக்கிலிருந்து பிரித்துப் புதியதில் மாற்றும் வேலையை நான் செய்யவில்லை. ஸ்ட்ரட்டில் இருக்கும்போது ஸ்பிரிங் முழு நீளத்துக்கும் விரிந்திருப்பதில்லை. மேலே இருக்கும் ஒற்றை நட்டுதான் அதை அடக்கி வைத்திருக்கிறது. அதைப் பத்திரமாக எடுக்க இன்னும் அமுக்க வேண்டும். அப்போது அதில் சேரும் விசை சில நூறு கிலோ எடைக்குச் சமம். இரண்டு கொக்கித் திருகு வைத்து அமுக்கும் கருவிகள் கிடைக்கின்றன, பலர் பயன்படுத்துகிறார்கள். கொக்கி ஒரு பக்கம் நழுவினால் ஸ்பிரிங் எந்தத் திசையில் பாயும் என்று யாராலும் சொல்ல முடியாது. நிலையான அழுத்து இயந்திரம் இருக்கும் பட்டறைக்கு இரண்டு ஸ்ட்ரட்டையும் கொண்டுபோய் மாற்றி வாங்கினேன். இதில் மனம் மாறும் எண்ணம் எனக்கு இல்லை.

கழற்றும் முன் நக்கிளையும் ஸ்ட்ரட்டையும் இணைக்கும் இரண்டு போல்ட்டுகளைச் சுற்றிக் கீறி அடையாளம் வைத்திருந்தேன். அந்தத் துளைகளில் இருக்கும் சின்ன இடைவெளியே சக்கரத்தின் சாய்வைக் கொஞ்சம் மாற்றிவிடும். புது ஸ்ட்ரட்டில் கீறல் இல்லாததால் நக்கிளின் பக்கம் இருந்த அடையாளத்தை வைத்து ஏறத்தாழப் பொருத்தினேன்.

நிற்கும் உயரத்தில் இறுக்கியது

புதிய ஆர்மைப் பொருத்தி, உள்பக்கப் போல்ட்டுகளைக் கையால் முறுக்கி நிறுத்தினேன். ஆர்ம் தடையில்லாமல் ஏறி இறங்கியது, அப்படித்தான் இருக்க வேண்டும். பால் ஜாயிண்டின் குறுக்குப் போல்ட், ஸ்ட்ரட் போல்ட், மேல் நட்டுகள் ஆகியவற்றுக்கு உயரம் முக்கியம் இல்லை. அவற்றை டார்க் ரெஞ்சால் அப்போதே முடித்தேன். புஷ் போல்ட்டுகள் மட்டும் காத்திருந்தன.

முதலில் நினைத்தது, பால் ஜாயிண்டுக்குப் பக்கத்தில் ஆர்மின் அடியில் ஜாக்கி வைத்து, 371 மி.மீ. வரும்வரை தூக்கி இறுக்கிவிடலாம் என்று. 400 மி.மீ. தாண்டியதும் வண்டி ஸ்டாண்டிலிருந்து எழும்ப ஆரம்பித்தது. அந்த உயரத்தில் அந்தச் சக்கரத்தின் முழு எடையும் ஜாக்கிக்கு வந்துவிடும் என்பதை யோசித்திருக்க வேண்டும். மறுபக்கம் தொங்குவதால் ஸ்டெபிலைசர் கம்பியும் எதிராக முறுக்கியது. உடனே இறக்கிவிட்டேன்.

அப்புறம் சக்கரங்களை மாட்டி, இரண்டு சக்கரத்துக்கு அடியிலும் அகலமான மரப்பலகைகளை அடுக்கி, 150 மி.மீ. உயரத்தில் வண்டியை மெதுவாக அதன்மேல் இறக்கினேன். ஸ்டாண்டுகளை எடுக்கவில்லை. பாடிக்குக் கீழே ஒரு விரல் இடைவெளியில் காவலுக்கு நின்றன. இதில் ஒரு சிக்கல் உண்டு. தொங்கும் சக்கரங்கள் தரையைத் தொடும்போது ஒன்றுக்கொன்று நெருங்கியிருக்கும். வண்டி இறங்க அவை வெளியே விலக வேண்டும். டயர் பிடித்துக்கொண்டால் விலகாது, வண்டி உயரத்திலேயே நின்றுவிடும். தரையில் என்றால் கொஞ்சம் உருட்டினால் சரியாகிவிடும். பலகையின் மேல் உருட்ட முடியாது. அதனால் ஒவ்வொரு டயருக்கும் அடியில் இரண்டு தடித்த பிளாஸ்டிக் தாள்களை, நடுவில் கிரீஸ் தடவி வைத்தேன். முன்பக்கத்தை நாலைந்து முறை அழுத்தி விட்டதும் டயர்கள் தாளோடு வழுக்கி விலகின. அளந்தால் இடம் 376, வலம் 378. புதிய ஷாக்கின் வாயு அழுத்தத்துக்கு அந்த 4 - 5 மி.மீ. கூடுதல் இயல்பானது.

அந்த நிலையில், பக்கவாட்டிலிருந்து கையை மட்டும் நீட்டி, போல்ட்டுகளை இறுக்கினேன். இந்த வண்டியின் கையேடு முன் புஷ்ஷுக்கு 95 நியூட்டன் மீட்டர் சொல்கிறது. எண் வண்டிக்கு வண்டி மாறும், அதனால் இதை யாரும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். லிங்க் நட்டுகளையும் இரண்டு பக்கமும் சமமாக நின்ற இந்த நேரத்திலேயே முடித்தேன். போல்ட் தலைக்கும் பிராக்கெட்டுக்கும் குறுக்கே வெள்ளைப் பெயிண்டில் ஒரு கோடு போட்டேன், போல்ட் தளர்ந்தால் கோடு உடைந்து காட்டும்.

டை ராடைத் தொடாவிட்டாலும் ஆர்ம் மாறியதால் சக்கரக் கோணம் மாறியிருக்கும். இரண்டு டயர்களின் நடுக்கோட்டைச் சுண்ணாம்புக் கட்டியால் குறித்து, முன்பக்கமும் பின்பக்கமும் இடைவெளியை அளந்தேன். முன்னால் 4 மி.மீ. அதிகம், அதாவது சக்கரங்கள் முன்னே வெளிப்பக்கம் விரிந்திருந்தன. அந்த நிலையில் நெடுந்தூரம் ஓட்டினால் டயரின் உள் ஓரம் சீக்கிரம் தேயும். மெதுவாக நேரே சக்கர அலைன்மென்ட்டுக்குக் கொண்டுபோனேன்.

அதற்குப் பிறகு

சத்தம் போய்விட்டது. ஆனால் 14 மாதத்துக்கு முன்பும் அன்றே போனதுதான் என்பதால் அதை வைத்து நான் எதையும் முடிவு செய்யவில்லை. 100 கி.மீ. ஓட்டிவிட்டு எல்லாப் போல்ட்டையும் மறுபடி சோதித்தேன். எதுவும் தளரவில்லை. ஆனால் இடப்பக்க ஏபிஎஸ் (பிரேக் சென்சார்) வயரின் ஒரு கிளிப்பை நான் திரும்ப மாட்டாமல் விட்டிருந்தேன். ஸ்டீயரிங் முழுதாகத் திரும்பும்போது டயரில் உரசி, வயரின் மேலுறை லேசாகத் தேய்ந்திருந்தது. உறையைச் சுற்றி டேப் போட்டுக் கிளிப்பை மாட்டினேன். கழற்றிய ஒவ்வொரு கிளிப்பையும் இனி ஒரு தட்டில் போட்டுவைக்கிறேன், வேலை முடிந்தபின் தட்டில் ஒன்று மிஞ்சினால் தெரிந்துவிடும்.

இப்போது 13,000 கி.மீ. ஆகிவிட்டது, முந்தைய புஷ் கிழிந்த தூரத்தைத் தாண்டி. போன வாரம் வண்டியைத் தூக்கி டார்ச் அடித்து இரண்டு புஷ்ஷையும் பார்த்தேன். சக்கரம் தொங்கும்போது ரப்பர் ஒரு பக்கம் முறுக்கியிருப்பது கண்ணுக்குத் தெரிகிறது. தரையில் நிற்கும்போது போனை உள்ளே நீட்டி எடுத்த படத்தில் முறுக்கே இல்லை. வெடிப்பு எங்கும் காணோம். வெள்ளைக் கோடு உடையவில்லை. வலப்பக்க டை ராட் எண்டின் ரப்பர் உறையில் மட்டும் கிரீஸ் கசிந்த அடையாளம் இருக்கிறது. ஆட்டம் இன்னும் வரவில்லை, ஆனால் அடுத்த மாதம் அதைக் கழற்ற வேண்டும்.